அந்தக் குறுக்குவிசையைக் கழற்றி எறியுங்கள்

"கவனமாகத் தட்டச்சுச் செய்யப் பழகுங்கள்" என்பதே கணினி அறிந்தோர் எமக்கு வழங்கும் அறிவுரை. பல்லாண்டுகளாகப் பத்திரிகைக்கு எழுதுபவன் நான். கவனமின்மை என்ற குற்றச்சாட்டை ஏற்கமாட்டேன்.

நடப்பது இதுதான். பாமினி எழுத்துருவில் உள்ள கட்டுரையை மைக்ரோசொப்ட் வேர்டில் முழுவதுமாகத் தெரிவுசெய்து பிரதி எடுக்கிறோம். கொன்ட்ரோல் விசையிலிருந்து விரல் விலகுமுன் பெருவிரல் இடைவெளி விசையில் படுகிறது. எழுத்துரு அகன்றுவிடும். 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பல்லிளிக்கும். உடனே கண்டால் கொன்ட்ரோல்+இசட் காப்பாற்றும். கோப்பை மூடிய பின் கண்டால்? மீண்டும் பாமினியை இட்டால் இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகும். ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டும், அதுவும் பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அது தடித்த எழுத்தை நீக்கும் வசதி. எமக்கோ மொழியையே நீக்கும் வினை.

ஃபைல், ஒப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிபன் சென்று, கீழே கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ் அருகிலுள்ள கஸ்டமைஸை அழுத்துங்கள். ஓல் கமாண்ட்ஸ் பிரிவில் ரீசெட்சார் கட்டளையைத் தேர்ந்து, கொன்ட்ரோல்+ஸ்பேஸ் என்பதைக் குறித்து, ரிமூவ் அழுத்துங்கள். தொல்லை ஒழிந்தது.

"யுனிகோடுக்கு மாறினால் தீருமே" என்பர். உண்மை. அங்கே எழுத்துரு போனாலும் எழுத்து தமிழாகவே நிற்கும். ஆனால் பாமினியில் கிடக்கும் எமது பழைய கோப்புகளை மாற்றித் தருபவர் யார்? அதுவரை கருவிதான் எமக்குப் பணியவேண்டும். கருவிக்கு நாம் அல்ல.