அருவியில் நுரை, வாய்க்காலில் தண்ணீர்



போன ஞாயிறு குடும்பத்தோடு உடுமலை அருகே உள்ள திருமூர்த்திமலைக்குப் போயிருந்தோம். அமணலிங்கேசுவரரைக் கும்பிட்டுவிட்டுப் பஞ்சலிங்க அருவிக்கு ஏறினோம். ஈரப் பாறையில் கால் வைக்கும் இடமெல்லாம் கிழித்தெறிந்த ஷாம்பூ பாக்கெட்டுகள். ஒருவர் தலையில் தேய்த்த நுரை, அடுத்தவர் காலடி வழியே ஓடையில் இறங்கியது.

ஆனைமலைப் புலிகள் காப்பகக் காட்டிலிருந்து வரும் அந்தத் தண்ணீர், திருமூர்த்தி அணையில் சேர்கிறது. அங்கிருந்து பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்கால் வழியாகக் காங்கேயம் பக்கம் வரை பாய்கிறது. மடை திறக்கும் நாளை எண்ணிக் காத்திருக்கும் கடைமடைக்காரர்களான எங்களுக்கு அந்த நுரை கண்ணை உறுத்தியது.

இன்னொன்று. அருவியில் வெயில் அடித்தாலும், மேலே குருமலை, குழிப்பட்டிப் பக்கம் மழை கொட்டினால் திடீரென வெள்ளம் இறங்கிவிடும். 2008-இல் அப்படித்தான் உயிர்கள் போயின.

ஏறும் இடத்திலேயே சோப்பு, ஷாம்பூவைக் கறாராக வாங்கி வைத்துவிட்டு, திரும்பும்போது கொடுக்கலாம். 'தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள்' என்று பெரிய எழுத்தில் பலகையும் வைக்கலாம். மற்றபடி, நாம் குளிக்கும் தண்ணீர்தான் நம் தோட்டங்காட்டுக்கும் வருகிறது என்ற நினைப்பு நமக்குத்தான் வேண்டும்.

– பாசன விவசாயி ஒருவர், காங்கேயம்