பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே என்ஜின் ஏற்றலாமா?

''ரீபோர் முடிந்து பட்டறையிலிருந்து வந்த டீசல் என்ஜினை, பழைய பிக்கப் வண்டியில் வீட்டிலேயே திரும்ப ஏற்ற முடியுமா? கவனிக்க வேண்டியவை என்ன?''

- வாசகர், கொடுமுடி.

ஏற்றலாம். ஆனால், வேலை தெரிந்த ஒருவரும் துணைக்கு ஆளும் இருந்தால் மட்டுமே இறங்க வேண்டும். மரக்கிளை, கொட்டகை விட்டம் ஆகியவற்றில் என்ஜினைத் தொங்கவிடக் கூடாது. கிணற்று மோட்டார் தூக்குபவர்களிடம் இரும்பு முக்காலியும் 1 டன் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். முக்காலியின் கால்கள் விரியாதபடி சங்கிலியால் கட்ட வேண்டும். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையோ, தலையோ போகக் கூடாது.

என்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றுவதென்றால் மறுபடி முழு வேலை.

பெரும்பாலும் சிக்கல் வருவது கியர் பாக்ஸோடு சேர்க்கும் இடத்தில்தான். கிளட்ச் பிளேட் நடுவில் சரியாக உட்காராவிட்டால் கியர் பாக்ஸ் ஷாப்ட் நுழையாது. அப்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால் ஹவுசிங் காது உடையும். கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டையும் ஒரே சாய்வில் நிறுத்தி, வண்டியைக் கியரில் வைத்து, கிராங்க் புல்லியை ஸ்பானரால் மெள்ளத் திருப்பினால் பற்கள் பிடித்து உள்ளே போகும். இடைவெளி கையால் தள்ளியே மூட வேண்டும். அதன் பிறகே போல்ட்.

என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் ஒயரை மறந்தால், ஸ்டார்ட்டர் மின்சாரம் கேபிள்கள் வழியே பாய்ந்து அவற்றைச் சூடாக்கிவிடும். ஆயில், கூலன்ட் ஊற்றி, கைப்பம்பால் டீசலில் உள்ள காற்றை எடுக்கவும். டீசல் போகாமல் நிறுத்தி, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றிய பிறகே ஓடவிட வேண்டும்.

ரீபோர் செய்த என்ஜின் உடனே முழுப் பாரம் தாங்காது. எனவே, தை மாத மஞ்சள் அறுவடைக்கு முன்பே வேலையை முடித்து, குறைந்த பாரத்தில் ஓட்டிப் பழக்கினால்தான் ஈரோடு மண்டிக்கு நம்பி மூட்டை ஏற்றலாம்.

அதே என்ஜின் என்றால் ஆர்.சி-யில் மாற்றம் தேவையில்லை. வேறு என்ஜின் என்றால், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். எண் பொருந்தாவிட்டால், விபத்து நேரத்தில் காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் வரும்.