தேதி மட்டும் போதாது

பல பத்தாண்டுகளுக்கு முந்தைய இராணுவ உணவுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக் காட்டும் காணொளிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். பொழுதுபோக்காகப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், வெள்ளக் காலத்துக்கென வீட்டில் வாங்கி வைத்திருக்கும் பழைய சார்டின் டின்னிலும் அதே துணிச்சலைக் காட்டலாமா?

பழைய உணவெல்லாம் நஞ்சு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் மிசூரி ஆற்றில் 1865-இல் மூழ்கிய பெர்ட்ராண்ட் என்ற நீராவிக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட டின் உணவுகளை 1974-இல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவற்றில் நுண்ணுயிர் எதுவும் வளர்ந்திருக்கவில்லை. புதிய உணவின் மணமும் தோற்றமும் போயிருந்தன; வைட்டமின் சி பெருமளவு குறைந்திருந்தது. அந்த டின்கள் வெயில் படாமல் சேற்றுக்கு அடியில் புதைந்து கிடந்தவை என்பதை நாம் மறக்கக்கூடாது.

நம் நாட்டில் நிலைமை வேறு. அமெரிக்க இராணுவத்தின் உணவுப் பொட்டலம் 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 3 ஆண்டுகள் தாங்கும். 38 பாகையில் ஓராண்டுக்குக்கூட உறுதி இல்லை. அதனால்தான் அதன் பெட்டியில் வெப்பத்தைக் காட்டும் ஒரு வில்லை ஒட்டப்படுகிறது. அதன் நடு வட்டம் வெளி வளையத்தைவிடக் கறுத்துவிட்டால், உணவின் காலம் முடிந்தது என்று பொருள். நம் வீட்டு டின்னில் அப்படிப்பட்ட வில்லை இல்லை. தகரக் கூரைக்குக் கீழும் கார் பின்பெட்டியிலும் அது எவ்வளவு வெந்தது என்பதை அச்சிட்ட தேதி சொல்லாது.

"கொஞ்சம் வாயில் வைத்துப் பார்ப்போம்" என்பது சோதனை ஆகாது. டின் உணவில் உருவாகக்கூடிய பொட்டுலினம் நச்சுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. சிறிதளவே உயிரைப் பறிக்கும். உப்பிய டின், கசியும் டின், விளிம்பில் நசுங்கிய டின், ஆழமாகத் துருப்பிடித்த டின் ஆகியவற்றைத் திறக்காமலேயே அப்புறப்படுத்த வேண்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, பலர் வீட்டு மாடியிலேயே சிக்கிக்கொண்டார்கள். அவசர உணவு தேவைப்படும் நேரம், மருத்துவமனைக்குப் போக வழியில்லாத நேரமும்கூட. அன்று வயிறு கெட்டால் யாரை அழைப்பது?

மாணவர்களே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பருக்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். பழையதை, தேதி முடியும் முன்பே சமைத்துச் சாப்பிடுங்கள். புதியதை வாங்கிப் பின்வரிசையில், சமையலறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். அரை மணி நேர வேலைதான். அம்மாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இதை நீங்களே செய்யலாம்.