பழைய கார் வாங்குகிறீர்களா? மீட்டரை நம்புவதா, வாரண்டியை நம்புவதா?

சென்னை.

"டாக்டர் ஓட்டின வண்டி சார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்ததோட சரி. மீட்டரைப் பாருங்க, 28 ஆயிரம்தான் ஓடியிருக்கு. சாயந்திரம் வேற பார்ட்டி வர்றாங்க. டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டுப் போயிடுங்க."

சென்னையில் பழைய கார் பார்க்கப் போகிறவர்களின் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது.

அடுத்த இடத்துக்குப் போனால் பேச்சு மாறிவிடும்.

"மீட்டரை விடுங்க சார். 60 ஆயிரம் ஓடினா என்ன? கம்பெனி வாரண்டி இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு. எது போனாலும் கம்பெனிக்காரன் பாத்துக்குவான்."

ஒருவர் மீட்டரைக் காட்டுகிறார். இன்னொருவர் வாரண்டியைக் காட்டுகிறார். கார் பார்க்க வந்தவரோ பி.எப். பணத்தையோ, நகையை அடகு வைத்த பணத்தையோ கையில் வைத்துக்கொண்டு நடுவில் திகைத்து நிற்கிறார்.

எதற்கு மதிப்புக் கொடுப்பது? எதற்குப் பணம் கொடுப்பது?

எந்த மைலேஜ்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் "மைலேஜ்" என்றால், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்பதைச் சொல்வார்கள். இங்கே பேச்சு அது அல்ல. கார் பிறந்ததில் இருந்து இதுவரை ஓடிய மொத்த தூரம்தான் விஷயம்.

வாரண்டி என்பது போலீசார் கொண்டு வரும் வாரண்டு அல்ல. "இத்தனை வருஷத்துக்குள் அல்லது இத்தனை கிலோ மீட்டருக்குள் தயாரிப்புக் கோளாறு வந்தால் இலவசமாகச் சரி செய்து தருகிறோம்" என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் உறுதி.

எது முன்னால் வருகிறதோ...

இந்த "அல்லது" என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வருஷம், கிலோ மீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அன்றோடு வாரண்டி முடிந்தது. ஒன்று பாக்கி இருக்கிறதே என்று வாதாட முடியாது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். மாருதி சுசுகி நிறுவனம் முன்பு 2 ஆண்டு அல்லது 40 ஆயிரம் கிலோ மீட்டர் என்று வாரண்டி கொடுத்து வந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி முதல் டெலிவரி ஆன கார்களுக்கு இது 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோ மீட்டர் என்று உயர்த்தப்பட்டது.

ஒரே மாடல், ஒரே கலர் கார்கள் இரண்டு. ஒன்று 2024 ஜூனில் டெலிவரி ஆனது. மற்றது 2024 ஆகஸ்டில் டெலிவரி ஆனது. இரண்டும் 60 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியவை என்று வைத்துக்கொள்வோம்.

ஜூன் காருக்கு 40 ஆயிரத்தைத் தாண்டிய அன்றே அந்த வாரண்டி செத்துவிட்டது. ஆகஸ்ட் காருக்கு இன்னும் 40 ஆயிரம் கிலோ மீட்டர் பாக்கி. தேதிப்படி 2027 ஆகஸ்ட் வரை உயிர் உண்டு.

இரண்டு மாத வித்தியாசம்தான். வாங்குகிறவருக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே "வாரண்டி இருக்கு" என்ற வாய்ப்பேச்சு போதாது. முதல் டெலிவரி தேதி என்ன, கிலோ மீட்டர் எல்லை என்ன என்று கேட்க வேண்டும்.

எல்லாம் சேராது

"எது போனாலும் கம்பெனிக்காரன் பாத்துக்குவான்" என்பதும் முழு உண்மை அல்ல.

டயர், பிரேக் பேடு, கிளட்ச் தட்டு, வைப்பர் ரப்பர் போன்று ஓட ஓடத் தேயும் சாமான்களைச் சாதாரணமாக வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள். விபத்துச் சேதம் சேராது. வெள்ளத்தில் மூழ்கிய சேதமும் சேராது.

60 ஆயிரம் ஓடிய வண்டியில் அடுத்து செலவு வைக்கப் போவது பெரும்பாலும் இந்தத் தேயும் சாமான்கள்தான். என்ஜினோ கியர் பாக்ஸோ தயாரிப்புக் கோளாறால் மடங்கினால் வாரண்டி காப்பாற்றும். கிளட்ச் தேய்ந்தால் காசு நம் பையில் இருந்துதான் போகும்.

மீட்டர் மாயம்

சரி, குறைவாக ஓடிய வண்டியே மேல் என்று முடிவு கட்டலாமா? அதிலும் ஆபத்து இருக்கிறது.

அம்பாசடர், பியட் காலத்தில் மீட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பழைய தந்திரம். கார் ஓடும். மீட்டர் தூங்கும். அந்தக்கால மீட்டர்கள் பலவற்றில் 5 இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்தில் பிறக்கும்.

இப்போது டிஜிட்டல் மீட்டர் வந்துவிட்டது. இனி ஏமாற்ற முடியாது என்று நினைத்தார்கள். அதிலும் கையை வைத்துவிட்டார்கள். காரோடு ஒரு கருவியை இணைத்து, உள்ளே பதிவாகி இருக்கும் எண்ணையே மாற்றிவிடும் ஆசாமிகள் இருக்கிறார்கள். 90 ஆயிரம் ஓடிய கார் சற்று நேரத்தில் 35 ஆயிரம் ஓடிய காராகி விடும்.

அமெரிக்காவில் இந்தத் தில்லுமுல்லு 1972-லேயே மத்திய சட்டம் போடும் அளவுக்குப் பெருகிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒன்று போனால் இரண்டும் போகும்

இங்கேதான் முக்கியமான முடிச்சு இருக்கிறது.

மீட்டரில் கை வைத்தது தெரிந்தால் கம்பெனி வாரண்டி தராது. வாரண்டி நிபந்தனைகளிலேயே அது எழுதப்பட்டு இருக்கும். கை வைத்தவர் பழைய ஓனராக இருக்கலாம், புரோக்கராக இருக்கலாம். தண்டனை, அப்பாவியாக வாங்கியவருக்கு.

அதேபோல, குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாமல் விட்ட காருக்கும் கம்பெனி கையை விரிக்கலாம்.

அதாவது, மீட்டர் வேறு, வாரண்டி வேறு என்று பிரித்துப் பார்ப்பதே தவறு. இரண்டும் சர்வீஸ் கணக்கு என்ற ஒரே தூணில்தான் நிற்கின்றன.

சர்வீஸ் கணக்கு சொல்லும்

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்ஷாப்பில் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் தேதியையும் கிலோ மீட்டரையும் பதிவு செய்கிறார்கள். கார் நம்பரைக் கொண்டு அந்தக் கணக்கை எடுக்க முடியும். ஓனர் மூலமாகக் கேட்டு வாங்குவது சுலபம்.

2022-ல் 48 ஆயிரம் என்று பதிவான கார், இன்று 35 ஆயிரம் என்று காட்டினால் பேச்சே வேண்டாம். எழுந்து வந்துவிடலாம்.

கணக்கு இல்லை, வெளிப் பட்டறையில்தான் பார்த்தோம் என்று சொல்கிறார்களா? அப்படியானால் காரே சில சாட்சிகளைச் சொல்லும்.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். "2319" என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். டயர் சாதாரணமாக 40, 50 ஆயிரம் கிலோ மீட்டராவது உழைக்கும். 28 ஆயிரம் ஓடிய காரில் 4 டயரும் மாறி இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் அமுங்கிக் கிடந்தால் அது 28 ஆயிரம் ஓடிய வண்டியின் முகம் அல்ல.

இரண்டு கார், ஒரு கணக்கு

முதல் கார், 5 ஆண்டு ஆனது. 28 ஆயிரம் கிலோ மீட்டர். வாரண்டி முடிந்துவிட்டது.

இரண்டாவது கார், 2 ஆண்டு ஆனது. 60 ஆயிரம் கிலோ மீட்டர். 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோ மீட்டர் வாரண்டியில் பாக்கி, 1 ஆண்டு அல்லது 40 ஆயிரம்.

முதல் காரைக் கணக்குப் போட்டால், நாள் ஒன்றுக்கு 15 கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறது. இது நடக்காத காரியம் அல்ல. வாரத்துக்கு ஒரு நாள் கோவிலுக்கும் கடைக்கும் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் நின்ற காருக்கும் நோய் உண்டு. பேட்டரி செத்துவிடும். ரப்பர் குழாய்கள் வெடித்துப் போகும். ஓடாத டயரும் இறுகிவிடும்.

இரண்டாவது கார் நாள் ஒன்றுக்கு 80 கிலோ மீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. தாம்பரத்துக்கு அப்பால் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய 60 ஆயிரம், அண்ணா சாலை நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஓடிய 30 ஆயிரத்தை விட என்ஜினுக்கு நல்லதாகவே இருக்கலாம். வாடகைக்கு ஓடிய வண்டியா என்பதை மட்டும் ஆர்.சி. விவரத்தில் துருவிப் பார்க்க வேண்டும்.

வாங்குகிறவர் மாதம் 500 கிலோ மீட்டர் ஓட்டப் போகிறவரா? அப்படியானால் அந்த 40 ஆயிரத்தில் ஓர் ஆண்டில் 6 ஆயிரம்தான் அவருக்குப் பயன்படும். மீதி 34 ஆயிரம் தேதியோடு காலாவதி ஆகும். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். சர்வீஸ் கணக்கு சுத்தமாக இருந்தால் முதல் காரே அவருக்குப் பொருத்தம்.

மாதம் 3 ஆயிரம் ஓட்டப் போகிறவரா? ஓர் ஆண்டில் 36 ஆயிரம். வாரண்டி முழுவதும் பயன்படும். அவருக்கு இரண்டாவது கார் லாபம்.

வெள்ளத்தில் மூழ்கியதா?

சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் "மிச்சாங்" புயல் மழையிலும் நகரில் கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன.

மூழ்கிய கார் குறைவாகவே ஓடியிருக்கலாம். வாரண்டித் தேதியும் பாக்கி இருக்கலாம். ஆனால் இரண்டாலும் பயன் இல்லை. வயரிங் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். கம்பெனியோ, வெள்ளச் சேதம் எங்கள் பொறுப்பு அல்ல என்று சொல்லிவிடும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பைத் தூக்கினால் வண்டல் இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம் துருப் பிடித்து இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் உள்ளே உட்கார்ந்தால் ஈர வாடை அடிக்கும்.

கடைக்காரர் வாரண்டி

பழைய கார் விற்கும் கடைகள் தாங்களே வாரண்டி கொடுப்பதும் உண்டு. இது கம்பெனி வாரண்டி அல்ல. பெரும்பாலும் 6 மாதம், 1 ஆண்டு என்று காலம் குறைவு. என்ஜின், கியர் பாக்ஸ் என்று பாகமும் குறைவு. இவ்வளவு ரூபாய் வரைதான் என்று எல்லையும் இருக்கலாம். எதைச் சேர்க்கவில்லை என்ற பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

மத்திய அரசு விதிப்படி 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல், பழைய கார் வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். கையில் உள்ள காரை யார், எதற்காக, எத்தனை கிலோ மீட்டர் ஓட்டினார்கள் என்று பதிவேடும் வைக்க வேண்டும். "சான்று எங்கே? பதிவேடு எங்கே?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பெயர் மாற்றம்

கார் கைமாறினால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

விற்றவருக்கும் இதில் அக்கறை வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பு அளித்து இருக்கிறது.

கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டியாக இருந்தால், அது புது ஓனருக்கு மாறுமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஷோரூமில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏமாந்தால்?

மீட்டரைத் திருப்பி விற்பது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின் கீழ் போலீசில் புகார் கொடுக்கலாம்.

கடைக்காரரிடம் வாங்கியவர் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விலை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமே கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டில் நிற்பது கஷ்டம். அவர் வியாபாரி அல்ல என்ற வாதம் வரும்.

யாரிடம் வாங்கினாலும், விற்பனை ரசீதில் "இன்று மீட்டரில் இருந்த கிலோ மீட்டர் இவ்வளவு, இது சரியானது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

"அதெல்லாம் எதுக்கு சார், நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள்.

உண்மையாக விற்கிறவர் அந்த ஒரு வரியை எழுதத் தயங்க மாட்டார். தயங்குகிறவரிடம் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காமல் வீடு திரும்புவதே நல்லது. சாயந்திரம் வருகிற அந்த "வேற பார்ட்டி"யே வாங்கிக்கொள்ளட்டும்.