குருத்தைக் காக்க எருக்குழியைக் கிளறுங்க

தென்னைக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து. அது போனால் மரமே போச்சு. அடைமழைக் காலத்தில் நடுக்குருத்து மஞ்சளாகி, லேசாக இழுத்தாலே கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் அழுகியதைச் சுத்தமாக வெட்டியெடுத்து, போர்டோ பசை தடவி, மழைத்தண்ணீர் இறங்காமல் மூடி மரத்தைப் பிழைக்க வைக்கலாம். போர்டோவில் தாமிரம் உண்டு. அங்ககச் சான்று பெற்றவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காண்டாமிருக வண்டு குடைந்த காயம் வழியாகவும் அழுகல் உள்ளே போகும். வண்டுக்குப் பொறி வைக்கிறோம், சரி. ஆனால் அது பிறக்கிற இடம் எது? நம்ம எருக்குழிதான்! இயற்கை விவசாயிகளான நம்மிடம்தான் எரு அதிகம். பொறுப்பும் நமக்குத்தான் அதிகம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வங்கியில் கடன் கணக்குப் பார்த்தவன் சொல்கிறேன்: வட்டி மட்டும் கட்டினால் அசல் குறையாது. பொறி வட்டி, எருக்குழி அசல்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருவைக் கிளறி, புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். குழியில் மெட்டாரைசியம் கரைத்து ஊற்றுங்கள். பட்ட மரத்தைத் தோப்பிலேயே மட்க விடாதீர்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்பக்க மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள்.

பக்கத்துத் தோப்புக்காரரையும் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வண்டுக்கு வரப்பு தெரியாதுங்க.