வெயிலின் மேல் பழி

கோட்டைப்பட்டினத்து வெயிலுக்கு மின்சாரக் கார் உதவாது என்று எனக்கு உபதேசம் செய்யாத நண்பர் இல்லை. 2012-இல் அமெரிக்காவின் அரிஸோனாவில் நிஸான் லீஃப் கார்களின் பாட்டரி வெயிலால் சீக்கிரம் சக்தி குன்றியது வாஸ்தவம். அதைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. 2020-இல் இங்கே வந்த மின்சார நெக்ஸானில் அது உண்டு. பெட்ரோல் எஞ்சினோ குடித்த எண்ணெயில் பாதிக்குமேல் உஷ்ணமாகவே கக்குகிறது. அதை யார் குறை சொன்னார்கள்?

அறந்தாங்கி போய் வர நூறு கிலோமீட்டர்கூட ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் குளிர்சாதனம் போட்டுக்கொண்டே போய் வருகிறேன். நிறுத்துமிடத்தில் நிழல் இருந்தால் பாட்டரியின் ஆயுள் நீளும். அந்த நிழலைத்தான் காணோம்! மரத்தை வெட்டியவர்கள் நாம், பழி வெயிலுக்கா? இனி உபதேசிக்க வருகிறவர் ஒரு வேப்பங்கன்றோடு வரட்டும். நட இடம் நான் தருகிறேன்.