தாது வருஷத்துக் கணக்கு

1871-இல் எடுத்த குடிமதிப்பில் அன்றைய சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881-இல் மறுபடி எண்ணியபோது 16 லட்சம்கூடத் தேறவில்லை. நடுவே படையெடுப்பு எதுவும் இல்லை. பூமி வாய் பிளக்கவும் இல்லை. மழை பொய்த்தது, அவ்வளவுதான். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தலைகள் கணக்கிலிருந்து காணாமல் போயின. செத்தவர்களோடு, இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் பிழைக்கப் போனவர்களும் அதில் அடக்கம். தாது வருஷப் பஞ்சம் என்று அதற்குப் பெயர். கும்மிப் பாட்டாகக் கட்டிப் பாடும் அளவுக்கு அது தமிழ்நாட்டு ஊர்களின் நெஞ்சில் பதிந்தது.

இயற்கைப் பேரிடர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஜப்பானின் நிலநடுக்கம், இந்தோனேசியாவின் எரிமலை, 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை. ஒரே உலுக்கலில் எல்லாம் முடிந்துவிடும். தேதி குறித்து நினைவுத்தூண் எழுப்பலாம். சேலம் நாமக்கல் சமவெளியின் வரலாற்றை அந்த அளவுகோலால் அளந்தால் ஒன்றும் கிடைக்காது. இங்கே அழிவு சத்தம் போட்டுக்கொண்டு வந்ததில்லை. ஒரு பருவம், இரண்டு பருவம், மூன்று பருவம் என்று காத்திருந்து வந்தது.

மண்ணைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளால் ஆனவை. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவில்தான் இருக்கிறது. அதற்காக, இந்தப் பாறை அசையவே அசையாது என்று எழுதிக்கொடுத்துவிட முடியாது. 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம் தென்னிந்தியாவையே உலுக்கியது. 2018 ஜூலை 22 காலை சேலம் சுற்றுவட்டாரத்தில் பாத்திரங்கள் ஆட, மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள், அளவு 3.3தான். தக்காணம் அசையாத பூமி என்ற நம்பிக்கை 1967-இல் கொய்னாவிலும் 1993-இல் கில்லாரியிலும் உடைந்துபோனது. கில்லாரியில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது, நடுக்கத்தைவிட அதிகமாக, மண் குழைத்து அடுக்கிய கனத்த கற்சுவர்கள்தான். நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துப் பகுதியில் இருக்கிறது. புதிதாக மாடி கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, கம்பியிலும் சிமெண்டிலும் கைவைக்காமல் இருந்தால் போதும்.

நம்மைப் படுத்தியது தண்ணீர்தான். இல்லாமலும் படுத்தியது, மிஞ்சியும் படுத்தியது.

தாது வருஷமான 1876-இல் பருவமழைகள் பொய்த்ததற்குக் காரணம் நம் ஊரில் இல்லை. பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடானதுதான் காரணம் என்று இன்றைய வானிலை அறிஞர்கள் சொல்கிறார்கள். அதே எல் நினோ ஆண்டுகளில் வடசீனாவிலும் வடகிழக்குப் பிரேசிலிலும் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆனால் மழை பொய்த்த எல்லா இடங்களிலும் ஊர் சாவதில்லை. சேலத்துக்கு அப்போதே ரயில் வந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. தானியத்தைக் கொண்டுவரவும் அதே தண்டவாளம்தான், விலை கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவும் அதே தண்டவாளம்தான். வாங்கக் காசில்லாதவன் வீட்டுக்கு ரயில் எதையும் இறக்கிவிட்டுப் போகவில்லை. அந்த ஆண்டுகளிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது.

1877 தொடக்கத்தில் பஞ்சப் பொறுப்பாளராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. வெயிலில் கல் உடைக்கிறவனுக்கு இது உயிர் பிடிக்கக்கூடப் பற்றாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எழுத்தில் சண்டை போட்டார். சில மாதங்களுக்குப் பிறகு அளவு உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போனார்கள். இந்தியா முழுவதும் செத்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் மதிப்பு. 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. பசித்தவனுக்கு வேலையும் சோறும் தருவது அரசின் கடமை என்பது காகிதத்தில் ஏற அத்தனை உயிர்கள் தேவைப்பட்டன.

அடுத்த பாடம் வெள்ளமாக வந்தது. 1924 பிப்ரவரியில் மைசூரும் சென்னையும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஜூலையிலேயே காவிரி, யாரும் கண்டிராத அளவுக்குப் பெருகியது. கேரளத்தில் அதே மழையைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் பேசுகிறார்கள். மறு ஆண்டு மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி அதைத் திறந்துவைத்தார். 120 அடி நீர்மட்டம், 93.47 டிஎம்சி கொள்ளளவு. அணைக்காக வீட்டையும் காட்டையும் விட்டுப் போனவர்களின் அடையாளம் பண்ணவாடிப் பரிசல்துறையில் இன்னும் நிற்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, முதலில் பழைய மாதா கோயில் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். செய்தித்தாளில் ‘நந்தி முழுமையாகத் தெரிந்தது’ என்று படம் வந்தால், டெல்டாவில் குறுவை சந்தேகம் என்று அர்த்தம்.

பஞ்ச விதித்தொகுப்பில் தொடங்கிய ஏற்பாடுகள் வீண்போகவில்லை என்பதற்குச் சான்று 2016. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய அதே அளவு பொய்த்த ஆண்டைத் தேடிப்போனால் 1876-இல் போய் நிற்கிறோம். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. தென்னை காய்ந்தது, மாடு அடிமாட்டு விலைக்குப் போனது, கடன்பட்ட விவசாயிகள் நொடிந்தார்கள். ஆனால் ஓமலூரிலோ ராசிபுரத்திலோ யாரும் கஞ்சிக்கு இல்லாமல் தெருவோரம் விழுந்து சாகவில்லை. ரேஷன் கடையில் அரிசி இருந்தது, பள்ளியில் சத்துணவு இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது. வானம் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் கைவிரித்தது. ஒரு முறை லட்சக்கணக்கில் செத்தோம், மறுமுறை பிழைத்தோம். நடுவில் மாறியது நம் ஏற்பாடுதான்.

பசிக்கு இப்படி ஒரு வழி கண்ட நாம், தண்ணீருக்குக் காணவில்லை. மேட்டாங்காட்டில் மானாவாரியை மட்டும் நம்பி வாழ முடியாது என்று கண்ட இந்தப் பூமி, லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் விசைத்தறிக்கும் ரிக் வண்டிக்கும் மாறியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓடாத மாநிலம் அபூர்வம். ஊருக்கெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டுத்தரும் அந்தத் தொழிலின் தாய்வீட்டில், ஆயிரம் அடி தாண்டிய போர் அதிசயமில்லை. மேல் மண்ணுக்குக் கேசிங் பைப் இறக்கிவிட்டு, அதற்குக் கீழே பாறையைக் குடைந்துகொண்டே போகிறார்கள். வண்டியைச் சுற்றிக் கல்மாவு புகையாக எழும். காட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் புகை எப்போது ஈரமாகும் என்று பார்த்துக்கொண்டே நிற்பார். பல நேரம் கடைசிவரை புகைதான். கருங்கல் தண்ணீரைச் சேர்த்துவைக்காது. பாறை இடுக்கில் ஊறியது மட்டுமே கிடைக்கும். அது ஊற வேண்டுமானால் மேலே ஏரி நிறைய வேண்டும்.

ஏரியை என்ன செய்தோம்? சேலம் நகரத்துக்குக் குடிநீர் தர 1911-இல் அமைத்த பனமரத்துப்பட்டி ஏரி பல ஆண்டுகள் வறண்டு சீமைக்கருவேலங் காடானது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நகரத்துக்குள் சாக்கடையாகவும் சாயக் கழிவாகவும் ஓடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்ளே வந்தபோது, ஏற்காட்டில் ஒரே நாளில் 24 செண்டிமீட்டர் மழை கொட்டியது. பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊத்தங்கரையில் 50 செண்டிமீட்டர். மலைப்பாதை சரிந்தது, திருமணிமுத்தாறு தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் நுழைந்தது. கடலோரம்தான் புயலுக்குப் பயப்பட வேண்டும் என்ற நம் நினைப்பையும் அந்த மழை அடித்துக்கொண்டு போனது.

காவிரிக் கரையில் இதே கதை இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. மேட்டூரில் இரண்டு லட்சம் கனஅடி திறந்தால், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பது தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 2018-இல் வந்தது, 2022-இல் வந்தது. ஒவ்வொரு முறையும் தண்டோரா, ஒலிபெருக்கி, கல்யாண மண்டபம், சாம்பார் சாதம், பிறகு அதே வீடு. அங்கே இருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கூலிக்குத் தறி ஓட்டுகிறவருக்குத் தறிக்கூடத்தின் பக்கத்தில் கிடைத்த இடம் அதுதான். ஆற்றின் அகலத்துக்குள் வீட்டு வரியும் மின் இணைப்பும் கொடுத்துவிட்டு, வெள்ளம் வந்ததும் இயற்கையின் சீற்றம் என்று சொல்லும் நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

நல்லதும் நடந்திருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் ஊர் மக்களே முன்கை எடுத்துத் தூர்வாரி, நடுவே மண்திட்டு அமைத்து மரம் வைத்தார்கள். மேட்டூரின் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2020-இல் அடிக்கல் நாட்டினார்கள். அணை நம் மாவட்டத்தில், தண்ணீர் மட்டும் நமக்கில்லை என்ற மேச்சேரி, நங்கவள்ளிக்காரர்களின் பழைய குறைக்கு அது ஒரு பதில். வெள்ளத்தை வறட்சிக்கு மருந்தாக்கும் யோசனை சரியானது. ஆனால் குழாயில் வரும் தண்ணீர் ஏரியில் தங்க, ஏரி ஏரியாக இருக்க வேண்டும். நிறைந்தால் அடுத்த ஏரிக்குப் போக, வாய்க்கால் வாய்க்காலாக இருக்க வேண்டும்.

மழை தவறும், மிஞ்சியும் பெய்யும். அதை நிறுத்த யாராலும் முடியாது. சாவு எண்ணிக்கையையும் நட்டக் கணக்கையும் நிர்ணயிப்பது மழைக்கு முன்பு நாம் செய்துவைத்ததும் செய்யாமல் விட்டதும்தான். உள்ளாட்சிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: 1924 தொடங்கி ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் நீர் எங்கே ஏறியது என்பதை ஊருக்கு ஊர் கல்லில் பொறித்து நடட்டும், அந்தக் கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வீட்டுக்கும் அனுமதி தராமல் இருக்கட்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்குத் தொழில் கெடாத தூரத்தில் மாற்று வீடு கொடுக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மனை வாங்கப் போகிறீர்களா? வில்லங்கச் சான்று பார்ப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஊர் வரைபடத்தைக் கேளுங்கள். அந்த இடத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.